வினாக்குறிக்குப் பின் வரும் செய்தி

தேநீர்க் கடையின் மேசை மீதும், காய்கறி வண்டியின் பக்கத்திலும் ஒட்டப்பட்டிருக்கும் கறுப்பு வெள்ளைச் சதுரத்தை இன்று நம் நாட்டில் காணாதார் அரியர். கைப்பேசியின் காமிராவை அதன்முன் பிடித்ததும் பணம் பெறுவோரின் விவரம் திரையில் தோன்றுகிறது. சில சமயங்களில் செலுத்த வேண்டிய தொகையும் தானாகவே நிரப்பப்பட்டு நிற்கிறது. அச்சதுரத்தினுள் அடங்கியிருப்பது யாதென ஆராய்ந்தால், அது இரகசியக் குறி எதுவும் அன்று, ஒரே வரியில் எழுதப்பட்ட ஒரு முகவரியே என்பது விளங்கும். ‘யூ.பி.ஐ.’ என்று தொடங்கும் அம்முகவரியில் ‘செலுத்துக’ என்று பொருள்படும் ஒரு சொல்லும், அதனை அடுத்து ஒரு வினாக்குறியும் உள்ளன. வினாக்குறிக்குப் பின்னர், ‘பி.ஏ.’ என்ற பெயருக்கு நேராகப் பணம் பெறுவோரின் கட்டண முகவரியும், ‘பி.என்.’ என்பதற்கு நேராக அவர் பெயரும், ‘சி.யூ.’ என்பதற்கு நேராக நாணய வகையும் எழுதப்பட்டிருக்கும். தொகை முன்கூட்டியே குறிக்கப்பட்டிருந்தால் அது ‘ஏ.எம்.’ என்பதற்கு நேராக நிற்கும். கைப்பேசியில் உள்ள செயலி வினாக்குறிக்குப் பின் வரும் இப்பகுதியைப் பிரித்துப் படித்தே தன் திரையை நிரப்புகிறது.

2016-ஆம் ஆண்டு ஏப்ரல் 11-ஆம் தேதி வெள்ளோட்டம் விடப்பட்ட இக்கொடுப்பனவு முறைக்கென்று இவ்வமைப்புப் புதிதாகக் கண்டுபிடிக்கப்பட்டதன்று. இணையத்தின் வலைப்பக்கங்களில் 1990-களிலிருந்து வழங்கி வருவதே இது. நூலகப் பட்டியலில் ஒரு நூலைத் தேடும்போதும், ரயில் நேரத்தை விசாரிக்கும்போதும் உலாவியின் முகவரிப் பட்டையை உற்று நோக்கினால், வினாக்குறியும் அதன்பின் நீண்ட ஒரு வரியும் தென்படும். அவ்வரியை உலாவியினுள்ளேயே இயங்கும் நிரல் எவ்வாறு படிக்கிறது, படிப்பதில் நேரும் பிழைகள் யாவை, படித்ததை எவ்வளவு தூரம் நம்பலாம் என்பவற்றை இக்கட்டுரையில் காண்போம். வலைப்பக்கம் அமைக்கப் பயிலும் மாணவர்களையும், அலுவலகங்களில் அப்பணியை மேற்கொண்டிருப்போரையும் கருதி இது எழுதப்படுகிறது.

முகவரியின் உறுப்புக்கள்

உலகளாவிய வலையை ஜெனீவாவுக்கு அருகில் உள்ள செர்ன் ஆராய்ச்சி நிலையத்தில் உருவாக்கிய டிம் பெர்னர்ஸ்-லீயும் அவருடைய சகாக்கள் இருவரும் வலை முகவரிக்கான விதிகளை 1994-ஆம் ஆண்டு டிசம்பரில் 1738-ஆம் எண் ஆவணமாக வெளியிட்டனர். பின்னர் 2005 ஜனவரியில் வெளிவந்த 3986-ஆம் எண் ஆவணம் அவ்விதிகளைத் திருத்திப் பொதுமைப்படுத்தியது. இவற்றின்படி முகவரியில் முதலாவதாக வரும் வினாக்குறிக்கு அடுத்த எழுத்திலிருந்து, ஹாஷ் குறி (#) வரும் வரையில், அக்குறி இல்லையேல் முகவரியின் இறுதி வரையில் உள்ளது வினாப் பகுதியாகும். வினாப் பகுதியினுள் மற்றொரு வினாக்குறி வருமாயின் அதற்குச் சிறப்புப் பொருள் எதுவும் இல்லை. ஏனைய எழுத்துக்களைப் போன்றதே அதுவும்.

இதனை ‘வினாப் பகுதி’ என்று பெயர்ப்பது மூலச் சொல்லுக்கு இணங்கியதே எனினும், முற்றும் பொருத்தமானதன்று. இன்று இப்பகுதி பெரும்பாலும் எதையும் வினவுவதில்லை, ஒன்றைத் தெரிவிக்கிறது. ஆனால், தொடக்க காலத்தில் வலைப்பக்கம் ஒன்றில் தேடுவதற்குரிய சொற்களை அனுப்பவே இது பயன்பட்டது என்பதை நினைவில் கொண்டால் பெயரின் காரணம் புலப்படும். அக்காலத்தில் தேடு சொற்கள் பலவாக இருப்பின் அவற்றுக்கிடையே இடைவெளிக்குப் பதிலாகக் கூட்டல் குறி (+) இடப்பட்டது. அவ்வழக்கம் இன்றளவும் அழியாமல் இருந்து, அநேகருக்குத் தொல்லை கொடுத்து வருவதைப் பின்னர்க் காண்போம்.

பெயரும் மதிப்பும் இணை இணையாக வருவது முகவரி விதிகளால் அமைந்ததன்று. விண்ணப்பப் படிவம் போன்ற பக்கங்களை நிரப்பி அனுப்புவதற்காக, 1995 நவம்பரில் வெளியான ஹெச்.டி.எம்.எல். இரண்டாம் பதிப்பின் விதிகளில் அது இடம்பெற்றது. பெயருக்கும் மதிப்புக்கும் நடுவே சமக்குறி (=); ஓர் இணைக்கும் அடுத்த இணைக்கும் நடுவே உம்மைக் குறி (&). ஊர் வாரியாக மழையளவையும் பயிர்க் குறிப்புக்களையும் காட்டும் ஒரு பக்கத்தைக் கற்பனை செய்துகொண்டால், அதன் முகவரி பின்வருமாறு முடியலாம்:

?ஊர்=மதுரை&பயிர்=நெல்

பெயர்கள் ரோமன் எழுத்தில்தான் இருக்க வேண்டும் என்ற நியதி இல்லை. தமிழில் எழுதினாலும் உலாவி ஏற்கும். எவ்வாறு ஏற்கிறது என்பதில்தான் நுட்பம் உள்ளது.

உலாவி படிக்கும் முறை

முதற்கண் வினாப் பகுதியைப் படிக்கும் வேலை முழுவதும், பக்கங்களை அனுப்பிவைக்கும் கணினியாகிய வழங்கியிடமே இருந்தது. 1995-ஆம் ஆண்டில் நெட்ஸ்கேப் நிறுவனத்தில் பிரெண்டன் ஐக் உருவாக்கிய ஜாவாஸ்கிரிப்ட் மொழி வந்த பிறகு, பக்கத்துடன் சேர்ந்து வரும் நிரலே அதைப் படிப்பது சாத்தியமாயிற்று. இதனால் விளையும் நன்மை சிறிதன்று. மேற்கூறிய மழையளவுப் பக்கம் மாறாத ஒரே கோப்பாக வழங்கியில் இருந்தால் போதும். மதுரைக்காரருக்கும் தஞ்சைக்காரருக்கும் அதே கோப்பு அனுப்பப்படும். முகவரியைப் பார்த்து உரிய ஊரின் விவரத்தை எடுத்துக் காட்டுவது உலாவியில் உள்ள நிரலின் பொறுப்பு.

உலாவி தன்னிடம் உள்ள முகவரியை ‘லொகேஷன்’ என்னும் பொருளாக நிரலுக்குக் கொடுக்கிறது. அதன் ‘சர்ச்’ என்னும் உறுப்பில் வினாக்குறி உட்பட வினாப் பகுதி அடங்கியிருக்கும். வினாப் பகுதியே இல்லையெனில் அது வெற்றுச் சரமாக இருக்கும். (நிரல் எழுதுங்கால் இச்சொற்கள் ரோமன் எழுத்திலேயே எழுதப்படும். ஒலிப்பைக் காட்டும் பொருட்டே இங்குத் தமிழ் எழுத்தில் தரப்படுகின்றன.)

அச்சரத்தைப் பிரிப்பதற்குப் பல ஆண்டுகள் வரை ஆயத்தமான கருவி எதுவும் உலாவிகளில் இருக்கவில்லை. ஆகையால் ஒவ்வொருவரும் தத்தம் கைவண்ணத்தைக் காட்டினர். முதலில் உள்ள வினாக்குறியை நீக்குவது, உம்மைக் குறி வரும் இடங்களில் வெட்டுவது, ஒவ்வொரு துண்டையும் சமக்குறியில் பிளப்பது, குறியீட்டை அவிழ்ப்பது என்று நான்கே செயல்கள். சிறுவரும் செய்யத்தக்கவை போலத் தோன்றும். ஆயினும், இவற்றில் பிழையின்றி எழுதப்பட்ட நிரல்கள் குறைவு என்றே சொல்ல வேண்டும்.

‘ராமன் & கோ’ என்ற கடைப் பெயரை எடுத்துக்கொள்வோம். பெயரின் நடுவே உள்ள உம்மைக் குறியை அப்படியே எழுதினால், இணைகளைப் பிரிக்கும் குறியாக அது கருதப்பட்டுவிடும். ஆகையால் அதற்குப் பதிலாக %26 என்றும், இடைவெளிக்குப் பதிலாக %20 என்றும் எழுதுவது விதி. எனவே முகவரியில் ?கடை=ராமன்%20%26%20கோ என்று வரும். இதனைப் படிக்கும் நிரல் முதலில் வெட்டிவிட்டுப் பின்னர்க் குறியீட்டை அவிழ்த்தால் சரியான பெயர் கிடைக்கும். முதலில் அவிழ்த்துவிட்டுப் பின்னர் வெட்டினாலோ ‘ராமன்’ மட்டும் மிஞ்சுவார். ‘கோ’ என்பது மதிப்பில்லாத ஒரு புதிய பெயராகத் தனித்து நிற்கும். செயல்கள் அவையேதான், வரிசை மட்டும் மாறியது. இத்தகைய பிழை சோதனையின்போது வெளிப்படுவதில்லை. ஏனெனில் சோதிப்பவர் ‘ராமன்’ என்று மட்டுமே எழுதிப் பார்க்கிறார்.

சமக்குறியில் பிளப்பதிலும் இதையொத்த ஓர் இடறல் உண்டு. ?நிபந்தனை=வயது=18 என்பதில் முதல் சமக்குறியே பெயரையும் மதிப்பையும் பிரிப்பது; மதிப்பு ‘வயது=18’ என்பது. சமக்குறி வரும் இடந்தோறும் பிளந்து இரண்டாம் துண்டை எடுத்துக்கொள்ளும் நிரல் ‘வயது’ என்பதோடு நின்றுவிடும். மேலும், ஒரே பெயர் பலமுறை வருவதற்கும் விதியில் தடை இல்லை. ஒரு படிவத்தில் நெல், கரும்பு, வாழை மூன்றையும் ஒருவர் தேர்ந்தெடுத்தால் ‘பயிர்’ என்ற பெயர் மூன்று முறை வரும். பெயருக்கு ஒரு பெட்டி என்று வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாகப் போடும் நிரல், கடைசியில் வந்த வாழையை வைத்துக்கொண்டு ஏனைய இரண்டையும் இழந்துவிடும்.

இத்தொல்லைகளை நீக்குவதற்காக அமைந்ததே ‘யூஆர்எல்சர்ச்பராம்ஸ்’ என்னும் கருவி. 2014-இல் ஃபயர்ஃபாக்ஸ் உலாவியும், 2016-இல் குரோமும், 2017-இல் சஃபாரியும், 2018-இல் எட்ஜும் இதனை ஏற்றன. இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரர் மட்டும் இறுதிவரை ஏற்கவில்லை. அதன் பதினோராம் பதிப்புக்கு மைக்ரோசாஃப்ட் நிறுவனம் அளித்துவந்த ஆதரவு 2022 ஜூன் 15-ஆம் தேதி பெரும்பாலான கணினிகளில் முடிவுற்றது. ஆகவே இன்று புதிதாக ஒரு பக்கத்தை அமைப்பவர் கையால் வெட்டிப் பிரிக்கும் பழைய நிரல்களை நகலெடுத்துக்கொள்வதற்கு நியாயம் இல்லை.

இதன் பிரயோகம் எளிது. ‘லொகேஷன்.சர்ச்’ உறுப்பை இக்கருவியிடம் கொடுத்து ஒரு புதிய பொருளை உண்டாக்க வேண்டும். பிறகு, அப்பொருளின் ‘கெட்’ என்னும் செயலிடம் ‘ஊர்’ என்ற பெயரைக் கொடுத்தால் ‘மதுரை’ என்ற மதிப்பு கிடைக்கும். பல மதிப்புக்களைப் பெறுவதற்கு ‘கெட்ஆல்’. பெயர் இருக்கிறதா என்று மட்டும் அறிவதற்கு ‘ஹேஸ்’. தொடக்கத்தில் உள்ள வினாக்குறியை இக்கருவி தானே நீக்கிக்கொள்ளும். ஆனால், வினாப் பகுதியை மட்டும் கொடுக்காமல் முழு முகவரியையும் இதனிடம் கொடுத்துவிடுவோர் உளர். அப்போது தளத்தின் பெயரிலிருந்து முதல் சமக்குறி வரையில் உள்ள அனைத்தும் சேர்ந்து ஒரே நீண்ட பெயராகிவிடும். ‘ஊர்’ என்று கேட்டால் இல்லையென்று பதில் வரும். முழு முகவரியையும் படிக்க ‘யூஆர்எல்’ என்ற வேறொரு கருவி உண்டு.

கூட்டல் குறியின் கதை இங்குத்தான் வருகிறது. பழைய வழக்கத்தை அனுசரித்து இக்கருவி + என்னும் குறியை இடைவெளியாகவே படிக்கும். ?தொலைபேசி=+91 என்று தொடங்கும் ஓர் எண்ணை எவரேனும் கையால் எழுதி அனுப்பினால், நிரலுக்குக் கிடைப்பது ஓர் இடைவெளியும் அதன்பின் 91-உம்தான். நம் நாட்டு எண்கள் யாவும் +91 என்றே வழங்குவதால் இப்பிழை நமக்கு மிக நெருங்கியது. கூட்டல் குறியை அதற்குரிய சதவிகிதக் குறியீட்டால் எழுதுவதே பரிகாரம். படிப்பதற்குப் பயன்படும் கருவியைக் கொண்டே முகவரியைத் தொகுத்தும் எழுதினால் இவ்வேலையை அது தானே செய்துவிடும்.

தமிழ் எழுத்து வரும்போது

முகவரி விதிகள் ரோமன் எழுத்துக்களையும் எண்களையும் சில குறிகளையும் மட்டுமே நேராக அனுமதிக்கின்றன. மற்றவற்றை முதலில் பைட்டுக்களாக மாற்றி, ஒவ்வொரு பைட்டையும் சதவிகிதக் குறியும் அதன்பின் பதினாறு அடிமான எண்முறையில் இரண்டு இலக்கங்களுமாக எழுத வேண்டும். கென் தாம்சனும் ராப் பைக்கும் 1992-இல் வகுத்த யூ.டி.எஃப்.-8 முறையே இம்மாற்றத்துக்கு அடிப்படை. இம்முறையில் யூனிகோடின் ஒவ்வொரு தமிழ்க் குறியும் மூன்று பைட்டுக்களைக் கொள்ளும். உதாரணமாக, ‘அ’ என்பது 224, 174, 133 என்ற மூன்று பைட்டுக்கள். ‘மதுரை’ என்பது நம் கண்ணுக்கு மூன்றே எழுத்து. யூனிகோடு கணக்கில் ம, த, உகரக் குறி, ர, ஐகாரக் குறி என ஐந்து. எனவே பதினைந்து பைட்டுக்கள். முகவரியில் நாற்பத்தைந்து குறிகள். முகவரிப் பட்டையில் தமிழாகவே தோன்றினாலும், ‘லொகேஷன்.சர்ச்’ வழியாக நிரலின் கைக்கு வருவது இந்த நாற்பத்தைந்து குறிகளே.

இதனை அவிழ்க்கப் பழைய ‘அன்எஸ்கேப்’ செயலைப் பயன்படுத்தினால், அது ஒவ்வொரு பைட்டையும் தனி எழுத்தாகக் கருதிவிடும். ‘ம’ என்ற எழுத்துக்குப் பதிலாக, தலையில் கோடிட்ட ஒரு லத்தீன் எழுத்தும், பதிவு பெற்ற வணிகச் சின்னங்களுக்கு அருகே காணப்படும் வட்டக் குறி இரண்டும் திரையில் தோன்றும். தமிழ்ப் பக்கங்களில் இவ்வட்டக் குறிகள் வரிசை வரிசையாக நிற்பதைப் பலர் கண்டிருப்பர். காரணம் பெரும்பாலும் இத்தகையதே. 1999 டிசம்பரில் வெளியான ஜாவாஸ்கிரிப்ட் தரத்தின் மூன்றாம் பதிப்பில் வந்த ‘டிகோடுயூஆர்ஐகம்போனென்ட்’ என்னும் செயல் யூ.டி.எஃப்.-8 முறையை அறிந்தது. ஆனால் அதற்கு ஒரு பிடிவாதம் உண்டு: ‘100%’ என்பது போல் பின்னால் இலக்கங்கள் இல்லாத சதவிகிதக் குறியைக் கண்டால் பிழை என்று அறிவித்து நிரலையே நிறுத்திவிடும். யூஆர்எல்சர்ச்பராம்ஸ் அவ்வாறு நிறுத்துவதில்லை. அக்குறியை உள்ளபடியே விட்டுவிடும்.

இவ்வளவும் சரியாக நடந்த பின்னும் தமிழுக்கே உரிய ஒரு சிக்கல் எஞ்சி நிற்கிறது. ‘கோவை’ என்ற சொல்லில் உள்ள ஓகாரத்தை யூனிகோடில் ஒரே குறியாகவும் எழுதலாம். ஏகாரக் கொம்பும் காலும் ஆகிய இரு குறிகளாகவும் எழுதலாம். திரையில் இரண்டுக்கும் வேற்றுமை காண இயலாது. ஆனால் முதல் வடிவில் சொல் நான்கு குறிகள். இரண்டாம் வடிவில் ஐந்து. உலாவி இவற்றை ஒன்றாக்குவதில்லை. ஊர்ப் பட்டியல் ஒரு வடிவிலும் முகவரி மற்றொரு வடிவிலும் இருந்தால், ‘கோவை என்னும் ஊர் பட்டியலில் இல்லை’ என்று பக்கம் அறிவிக்கும். பட்டியலைப் பார்ப்பவருக்கோ அங்கே கோவை இருப்பது கண்கூடாகத் தெரியும்! இதற்குத் தீர்வு, ஒப்பிடுவதற்கு முன் இரண்டையும் ‘நார்மலைஸ்’ என்னும் செயலால் ஒரே வடிவுக்குக் கொணர்தல். 2015-ஆம் ஆண்டின் தரத்திலிருந்து ஜாவாஸ்கிரிப்டில் இது கிடைக்கிறது. ஒகரமும் ஓகாரமும் ஏறிய உயிர்மெய் எழுத்துக்கள் நம் ஊர்ப் பெயர்களில் மலிந்திருப்பதால், தமிழ்ப் பக்கங்களில் இச்செயலை விடுவது தகாது.

இல்லாமையும் பூஜ்யமும்

வினாப் பகுதியிலிருந்து கிடைக்கும் மதிப்பு எப்பொழுதும் எழுத்துச் சரமே, எண் அன்று. 5 என்பதையும் 3 என்பதையும் படித்துக் கூட்டினால் 8 வராது, 53 வரும். இது கண்ணில் படும் பிழையாதலால் விரைவில் திருத்தப்பட்டுவிடும். கண்ணில் படாத பிழை வேறு. பெயரே முகவரியில் இல்லையெனில் ‘கெட்’ செயல் ‘நல்’ என்னும் இன்மைக் குறியைத் தருகிறது. பெயர் இருந்து மதிப்பு இல்லையெனில் வெற்றுச் சரத்தைத் தருகிறது. இவ்விரண்டில் எதை எண்ணாக மாற்றும்படி ‘நம்பர்’ செயலிடம் கொடுத்தாலும் அது பூஜ்யம் என்று விடையளிக்கும். ‘தெரிவிக்கவில்லை’ என்பது ‘பூஜ்யம்’ என்று மாறிவிடுகிறது.

விஞ்ஞான அலுவலில் இவ்விரண்டுக்கும் உள்ள தூரத்தை விளக்க வேண்டியதில்லை. மழையளவு பதிவு செய்யப்படாத நாளும், மழையே பெய்யாத நாளும் ஒன்றல்ல. நிலப்படங்களில் இப்பிழையின் விளைவை நேராகவே காணலாம்: அட்சரேகையும் தீர்க்கரேகையும் விடுபட்டபோது இரண்டும் பூஜ்யமாகி, இடம் ஆப்பிரிக்காவுக்கு மேற்கே கினி வளைகுடாவின் கடல் நடுவில் குறிக்கப்பட்டுவிடும். நிலப்படம் வரைவோர் அவ்விடத்துக்கு வேடிக்கையாக ‘நல் தீவு’ என்று பெயரிட்டிருக்கின்றனர். அங்குத் தீவு எதுவும் இல்லை. வானிலை ஆய்வுக்கான மிதவை ஒன்று அங்கு நிறுத்தப்பட்டிருந்ததுண்டு. ஆகையால் எண்ணாக மாற்றுவதற்கு முன்னர், மதிப்பு இருக்கிறதா, அது வெறுமையாக இல்லையா என்று தனித்தனியே விசாரித்தல் அவசியம்.

யார் எழுதிய முகவரி?

பிழையறப் படிப்பது பாதி வேலை. படித்தது உண்மையா என்பது வேறு வினா. வினாப் பகுதியை எழுதுவோர் பக்கத்தை அமைத்தவர் அல்லர். அதனை எவரும் எழுதலாம். எழுதி, சுட்டியாக எவருக்கும் அனுப்பலாம். சுட்டியை அழுத்துபவர் காண்பது உண்மையான அலுவலகத்தின் உண்மையான பக்கம். ஆனால் அதில் தோன்றும் செய்தியின் ஒரு பகுதி மூன்றாம் ஆள் ஒருவரால் எழுதப்பட்டது.

2000-ஆம் ஆண்டு பிப்ரவரி 2-ஆம் தேதி, அமெரிக்காவின் கார்னெகி மெலன் பல்கலைக் கழகத்தைச் சார்ந்த செர்ட் மையம் இவ்வாபத்தைப் பற்றி எச்சரிக்கை வெளியிட்டது. அவ்வெச்சரிக்கை பெரிதும் வழங்கிகளைக் குறித்தது. 2005 ஜூலையில் அமித் கிளைன் என்னும் ஆய்வாளர், வழங்கி எத்தவறும் செய்யாதபோதும் உலாவியில் உள்ள நிரலாலேயே இவ்வாபத்து நேரும் என்பதை எடுத்துக்காட்டினார். அவர் தந்த உதாரணம் மிக எளியது: முகவரியிலிருந்து ஒரு பெயரை எடுத்து, வந்தவரைப் பெயர் சொல்லி வரவேற்கும் பக்கம். பெயருக்குப் பதிலாக நிரல் துண்டு ஒன்றை முகவரியில் எழுதினால், பக்கம் அதனை வாங்கித் தன் உடலுள் எழுதிக்கொண்டு இயக்கிவிடும். அவ்வாறு இயங்கும் நிரலுக்கு அப்பக்கத்தின் உரிமைகள் அனைத்தும் உண்டு. வந்தவர் அத்தளத்தில் தம்மை அடையாளம் காட்டி உள்ளே நுழைந்திருப்பாராயின், அவர் பெயரால் அது எதையும் செய்யலாம்.

உலாவிகள் இப்பொழுது முகவரியில் உள்ள கோண அடைப்புக்களைச் சதவிகிதக் குறியீடாக மாற்றிவிடுகின்றனவே, ஆபத்து நீங்கவில்லையா என்று கேட்கலாம். நீங்கவில்லை. நாம் இதுவரை புகழ்ந்த கருவியே அக்குறியீட்டை அவிழ்த்துக் கொடுத்துவிடுகிறது. அவிழ்ந்த மதிப்பை ‘இன்னர்ஹெச்டிஎம்எல்’ என்னும் உறுப்பின் வழியாகப் பக்கத்தில் இட்டால் பழைய ஆபத்து திரும்பி வரும். அவ்வழியாக இடப்படும் ஸ்கிரிப்ட் குறி இயங்காது என்று ஆறுதல் கொள்வோரும் உண்டு. ஆனால் படத்துக்குரிய குறியில், படம் கிடைக்காவிடில் செய்ய வேண்டியது என்று எழுதப்படும் கட்டளை இயங்கும். மதிப்பை வெறும் எழுத்தாக மட்டும் இடும் ‘டெக்ஸ்ட்கன்டென்ட்’ உறுப்பையே பயன்படுத்த வேண்டும்.

அதனைப் பயன்படுத்தினாலும் பொய்ச் செய்தியைத் தடுக்க முடியாது. ?அறிவிப்பு= என்ற பெயருக்கு நேராக எழுதியதையெல்லாம் தலைப்பில் காட்டும் பக்கத்தில், ‘கட்டணத்தை இன்ன எண்ணுக்கு அனுப்புக’ என்று எவரும் எழுதிக் காட்டலாம். அதில் நிரல் இல்லை, பொய் உண்டு. எனவே முகவரியில் செய்தியை வைக்காமல் செய்தியின் எண்ணை மட்டும் வைத்து, செய்திகளைப் பக்கத்திலேயே வைத்துக்கொள்வது நன்று. ஊரின் பெயரையும் பட்டியலில் ஒப்பிட்டுப் பார்த்த பின்னரே ஏற்க வேண்டும். கட்டணத் தொகையை முகவரியிலிருந்து எடுத்துக் கணக்கிடுதல் கூடவே கூடாது. 500 என்பதை 5 என்று மாற்றுவதற்கு இரண்டு பூஜ்யங்களை அழித்தால் போதும். ‘வேலை முடிந்ததும் திரும்பிச் செல்ல வேண்டிய இடம்’ என்று ஒரு முகவரியை வினாப் பகுதியில் ஏற்கும் பக்கங்கள் இன்னும் கவனமாக இருத்தல் வேண்டும். சாய்கோட்டில் தொடங்கினால் நம் தளத்தின் உட்பாதை என்று எண்ணி அனுமதிப்பது போதாது. இரண்டு சாய்கோடுகளில் தொடங்குவது வேறு தளத்தின் முகவரியாகும். ‘யூஆர்எல்’ கருவியால் அதை முழு முகவரியாக்கி, தளம் நம்முடையதுதானா என்று ஒப்பிடுவதே முறை.

இவ்வையம் கற்பனையானதன்று என்பதற்கு நம் தேநீர்க் கடைச் சதுரமே சான்று. ‘பி.என்.’ என்ற பெயருக்கு நேராகக் கடைக்காரரின் பெயர் இருக்கும் என்றோம். அப்பெயரை எழுதியவர் சதுரத்தை உண்டாக்கியவரே. பெயர் ஒருவருடையதாகவும் கணக்கு மற்றொருவருடையதாகவும் இருப்பதற்கு எழுத்தளவில் எத்தடையும் இல்லை. 2025 ஏப்ரலில் இந்திய தேசியக் கொடுப்பனவுக் கழகம் ஒரு சுற்றறிக்கையை வெளியிட்டு, பணம் செலுத்துவதற்கு முன் செயலிகள் வங்கியின் பதிவிலிருந்து பெறப்பட்ட பெயரையே காட்ட வேண்டும் என்றும், சதுரத்திலிருந்து படித்த பெயரைக் காட்டலாகாது என்றும், 2025 ஜூன் 30-க்குள் இதனை நிறைவேற்ற வேண்டும் என்றும் பணித்தது. முகவரியில் வந்தது எழுதியவரின் கூற்று. வங்கியிலிருந்து வந்தது சரிபார்க்கப்பட்ட தகவல். வலைப்பக்கத்தின் நிரலும் இவ்விரண்டையும் வேறுவேறாகவே வைத்துக்கொள்ள வேண்டும்.

எழுதத் தகாதவை

ஆதார் எண், கடவுச்சொல், நோயாளியின் விவரம் போன்றவற்றை வினாப் பகுதியில் எழுதலாகாது. முகவரி உலாவியின் வரலாற்றில் தங்குகிறது. வழங்கியின் பதிவேட்டில் எழுதப்படுகிறது. பக்கத்தில் உள்ள சுட்டியை அழுத்தி வேறு தளத்துக்குச் செல்லும்போது அத்தளத்துக்கும் முழு முகவரி தெரிந்துவிடுவது முன்பு வழக்கமாக இருந்தது. 2020-இல் குரோமும் 2021-இல் ஃபயர்ஃபாக்ஸும், பிற தளங்களுக்குச் செல்லும்போது தளத்தின் பெயரை மட்டும் தெரிவித்துப் பாதையையும் வினாப் பகுதியையும் மறைப்பதை இயல்பு நிலையாக்கின. பதிவேடும் வரலாறும் முன்போலவே உள்ளன.

ஹாஷ் குறிக்குப் பின் வரும் பகுதி வழங்கிக்கு அனுப்பப்படுவதில்லை. ஆகவே உலாவியில் உள்ள நிரல் மட்டுமே படிக்க வேண்டியதை அங்கு வைப்பதுண்டு. அதனைப் படிக்க ‘லொகேஷன்.ஹாஷ்’ உறுப்பை எடுத்து, முதலில் உள்ள குறியை நீக்கி, அதே யூஆர்எல்சர்ச்பராம்ஸ் கருவியிடம் கொடுக்கலாம். இக்கருவி வினாக்குறியைத் தானே நீக்குமேயன்றி ஹாஷ் குறியை நீக்காது. படித்து முடித்த பின் முகவரிப் பட்டையிலிருந்து வினாப் பகுதியை அகற்ற விரும்புவோர் ‘ஹிஸ்டரி.ரிப்ளேஸ்ஸ்டேட்’ என்னும் செயலைக் கொண்டு அகற்றலாம். அது பட்டையை மட்டுமே துடைக்கும், வழங்கியின் பதிவேட்டில் முன்னரே எழுதப்பட்டுவிட்டதை அதனால் அழிக்க இயலாது.